ஸ்வெட்டர் போட்ட கோடை: செயின்ட் ஆண்ட்ரூஸ் குறிப்புகள்

செவ்வாய்

ஸ்காட்லாந்தில் எடின்பரோவிலிருந்து வடக்கே ரயிலில் போகிறவர்கள் வலது பக்க ஜன்னலைப் பிடித்துவிட வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸில் படிக்கும் தம்பி மகள் முன்பே சொல்லி வைத்திருந்ததால் பிடித்துவிட்டேன். ஃபோர்த் பாலம் 1890-ல் திறந்தது, சிவப்புச் சாயம் பூசிய எஃகு, இரண்டரை கிலோமீட்டர் நீளம். பாம்பனில் ரயில் போகும்போது அலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இங்கே தண்ணீர் 45 மீட்டருக்குக் கீழே கிடக்கிறது, எட்டிப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. பாலத்தைத் தாண்டியதும் தண்டவாளம் கரையோரமாகவே வளைந்து வளைந்து போகிறது, கிங்ஹார்ன் பக்கம் கீழே மணல், அதில் நாயை நடத்திக்கொண்டு போகும் ஆட்கள், அப்பால் கடல்.

செயின்ட் ஆண்ட்ரூஸுக்குள் ரயில் கிடையாது. இருந்த பாதையை 1969-ல் மூடிவிட்டார்கள், அதைத் திரும்பக் கேட்டு ஊர்க்காரர்கள் இன்னமும் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். லூக்கர்ஸ் என்ற சின்ன நிலையத்தில் இறங்கி 99-ம் எண் பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் ஊர். இறங்கும்போது 11 டிகிரி, அதோடு காற்று. மதுரையில் அக்கினி நட்சத்திரம், வீட்டிலிருந்து 40 தாண்டிவிட்டது என்று செய்தி வந்தபோது நான் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு ஸ்வெட்டரில் நின்றேன். பக்கத்திலேயே அரைக்கால் சட்டை போட்ட ஒரு பெரியவர், எழுபது வயதிருக்கும், நல்ல வெயில் என்று என்னிடம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். வெயில் இருந்தது உண்மைதான். சூடுதான் இல்லை.

இந்த ஊர்க் கோடை என்பது வெப்பம் இல்லை, வெளிச்சம். மே மூன்றாம் வாரத்தில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிறது, அதற்குப் பிறகும் வடக்கு அடிவானம் டியூப்லைட்டை அணைக்க மறந்த மாதிரி வெளுத்தே கிடக்கிறது, காலையில் ஐந்துக்கு முன்னாலேயே மறுபடி உதயம். கடல்காகங்களுக்கு அந்த நேரமே போதும், கூரையில் கூட்டமாக உட்கார்ந்து ஊரைக் கூப்பிடுகின்றன. தூக்கம் போச்சு.

புதன்

ஊரைச் சுற்றிப் பார்ப்பது சுலபம். நார்த் ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட், சவுத் ஸ்ட்ரீட் என்று மூன்று நீளத் தெருக்கள், கிழக்கே போகப் போக நெருங்கி வந்து பழைய கதீட்ரலின் இடிபாட்டருகே முடிகின்றன. பதினேழு பதினெட்டாயிரம் பேர் ஊர், அதிலே பல்கலைக்கழக மாணவர்கள் மட்டும் சுமார் பத்தாயிரம் பேர். பல்கலைக்கழகத்துக்குப் போப்பாண்டவரின் அனுமதி கிடைத்த ஆண்டு 1413. ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கு அடுத்தபடி பழையது இதுதான். தேர்வுக் காலம் என்பதால் காப்பிக் கடைகளில்கூடப் பேச்சுச் சத்தம் இல்லை, மேஜைக்கு மேஜை மடிக்கணினியும் காலிக் கோப்பையும். முப்பது வருஷமாகத் தேர்வு அறையில் மேற்பார்வை பார்த்த எனக்கு அந்த முகங்கள் எல்லாம் தெரிந்த முகங்கள், நிறம்தான் வேறு.

நார்த் ஸ்ட்ரீட்டில் செயின்ட் சால்வேட்டர் தேவாலய வாசலுக்கு வெளியே தரைக்கற்களில் பி, எச் என்று இரண்டு எழுத்துகள் பதித்திருக்கிறது. பேட்ரிக் ஹாமில்டன் என்ற இளைஞரை, கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த மார்ட்டின் லூத்தரின் கொள்கைகளைப் பேசினார் என்பதற்காக, 1528-ல் அந்த இடத்தில் உயிரோடு எரித்தார்கள். அன்றைக்கு விறகு சரியாகப் பற்றவில்லை, உயிர் போக ஆறு மணி நேரம் ஆனது. அந்த எழுத்துகளை மிதிக்கும் மாணவர் தேர்வில் தேறமாட்டார் என்று நம்பிக்கை. தம்பி மகள் கணிதத்தில் நான்காம் ஆண்டு, நிகழ்தகவு படிக்கிறவள், அந்த இடம் வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துச் சுற்றிக்கொண்டு போனாள். "இதையெல்லாம் நீயும் நம்புறியா?" என்றேன். "நம்பலை அத்தை, ஆனா இன்னும் ஒரு பேப்பர் இருக்கு" என்றாள். தெரியாமல் மிதித்தவர்களுக்குப் பரிகாரமும் உண்டு. மே முதல் தேதி விடியும்போது கூட்டத்தோடு கூட்டமாக வடகடலில் இறங்கி முழுக்குப் போட வேண்டும். மே மாதத்தில் அந்தத் தண்ணீர் பத்து டிகிரியைத் தொட்டாலே பெரிய விஷயம். நம் ஊர்ப் பரிகாரங்கள் எவ்வளவோ தேவலை.

கதீட்ரல் 1158-ல் தொடங்கி 1318-ல் ராபர்ட் புரூஸ் மன்னர் முன்னிலையில் அர்ப்பணம் ஆனது. 160 வருஷம் கட்டியதை 1559-ல் மதச் சீர்திருத்தக் கூட்டம் புகுந்து சூறையாடிய பிறகு யாரும் எடுத்து நிறுத்தவில்லை, கல்லெல்லாம் ஊர்க்காரர்களின் வீட்டுச் சுவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி நிற்பது இரண்டு முனைச் சுவர், பக்கச் சுவரில் கொஞ்சம், அதைவிடப் பழைய செயின்ட் ரூல் கோபுரம். நடுவில் புல்.

நான் தேடிப் போனது வேறொன்று. சவுத் ஸ்ட்ரீட் நடைபாதையில் ஒரு பித்தளைக் கோடு. ஜேம்ஸ் கிரிகோரி 1668-ல் இங்கே கணிதப் பேராசிரியர் ஆனவர், பக்கத்து நூலக மாடியில் தரையில் வடக்கு தெற்காகக் கோடு கிழித்து அதை வைத்து வானத்தை அளந்தார். அந்தக் கோட்டின் நினைவாகத்தான் இந்தப் பித்தளை. ஒரு கடற்பறவையின் இறகு வழியே சூரிய ஒளியை விட்டு அது நிறம் நிறமாகப் பிரிவதைக் குறித்து வைத்தவரும் அவரே. பை மதிப்பு காணும் தொடரை எங்கள் பாடப்புத்தகம் கிரிகோரி பெயரில் சொல்லும், அவருக்கு மூன்று நூற்றாண்டுக்கு முன்பே கேரளத்து மாதவன் கண்டது என்று நான் வகுப்பில் சேர்த்துச் சொல்லுவேன். கோட்டின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு அதையே தம்பி மகளிடம் சொன்னேன், "தெரியும் அத்தை, நீங்கதான் ஆறாவது படிக்கும்போதே சொன்னீங்க" என்றாள். காலையில் என் தூக்கத்தைக் கெடுத்த பறவைகள் மேல் அதற்கப்புறம் கொஞ்சம் மரியாதை வந்தது.

வியாழன்

காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டைக் காணோம். இதற்கு இங்கே ஹார் என்று பெயர், கிழக்குக் கடற்கரையின் வசந்தகாலச் சொத்து. வெதுவெதுப்பான காற்று இன்னும் குளிர் விடாத வடகடல் மேல் வரும்போது அதிலிருக்கும் ஈரம் குளிர்ந்து மூடுபனியாகிறது, கிழக்குக் காற்று அதை அப்படியே தள்ளிக்கொண்டு வந்து ஊர் மேல் போட்டுவிடுகிறது. ஏழெட்டு மைல் உள்ளே போனால் பளீரென்று வெயில் அடிக்குமாம். கரையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் சளி.

கோட்டைக்குப் போனோம். 1546-ல் கர்தினால் பீட்டனைக் கொன்று கோட்டையைப் பிடித்துக்கொண்டது ஒரு கூட்டம். அவர்களை வெளியேற்ற முற்றுகைக்காரர்கள் பாறையைக் குடைந்து சுரங்கம் தோண்ட, உள்ளே இருந்தவர்கள் தோண்டும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துக் கேட்டு எதிர்ச் சுரங்கம் தோண்டினார்கள். கோணம் தப்பித் தப்பித் தோண்டிவிட்டுப் பாதியில் விட்ட குழிகளும் இருக்கின்றன, கடைசியில் சரியாகப் போய் முட்டியிருக்கிறார்கள். அவர்கள் பக்கத்துப் பாதையில் முதுகு வளைத்துத்தான் போக முடிகிறது, என் முட்டி பாதி வழியிலேயே போதும் என்றது. பாட்டில் வடிவத்தில் பாறைக்குள் குடைந்த ஒரு பாதாளச் சிறையும் உண்டு, கழுத்து குறுகல், அடி அகலம். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். வெளியே வந்து சூடாகக் கலன் ஸ்கிங்க் குடித்தோம், புகை போட்ட ஹாடக் மீனும் உருளைக்கிழங்கும் பாலும் சேர்ந்த சூப். மிளகுத்தூள் கேட்டு வாங்கிப் போட்டதும் நன்றாக இருந்தது.

வெள்ளி

இந்தப் பயணத்தில் எனக்கு முக்கியமான நாள் இன்று.

சவுத் ஸ்ட்ரீட்டின் மேற்குப் பக்கம் சாலையை ஒட்டி ஒரு பழைய மடத்தின் உடைந்த துண்டு நிற்கிறது, அதன் பின்னால் புல்வெளி, அதன் பின்னால் பெரிய கல் கட்டடம். அந்தக் கட்டடத்தில் 1833 முதல் நடந்த பள்ளியின் பெயர் மெட்ராஸ் காலேஜ். 2021-ல் பள்ளி ஊரின் மேற்கோரத்தில் புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. சீருடையில் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளிடம் எங்கே படிக்கிறீர்கள் என்றால் மெட்ராஸ் என்கிறார்கள், மெட்ராஸ் எங்கே இருக்கிறது என்று அடுத்த கேள்வி கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

கதை இது. ஆண்ட்ரூ பெல் 1753-ல் இதே ஊரில் ஒரு நாவிதரின் மகனாகப் பிறந்தார், இங்கேயே படித்தார், பாதிரியார் ஆனார், 1787-ல் கப்பலேறி இந்தியா வந்தார். 1789-ல் எழும்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பேற்றார். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விட்டுப்போன பிள்ளைகள், பெரும்பாலும் தாய் நம் ஊர்ப் பெண். அங்கிருந்த ஆசிரியர்களுக்கு வேலையில் நாட்டமில்லை. ஒரு நாள் அவர் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கடந்து போகும்போது பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். காகிதம் வேண்டாம், பலகை வேண்டாம், அழிக்க ஒரு கை போதும். தன் விடுதியிலும் அப்படிச் செய்யச் சொன்னார், ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். உடனே எட்டு வயதுப் பையன் ஜான் ஃபிரிஸ்கனைக் கூப்பிட்டு நீ சொல்லிக்கொடு என்றார். பையன் சொல்லிக்கொடுத்தான். அதிலிருந்து, தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குக் கற்பிப்பது என்ற முறையையே ஒழுங்குபடுத்தி, ஊர் திரும்பி 1797-ல் புத்தகமாகப் போட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது பிரிட்டன் முழுக்கப் பரவியது, ஆயிரக்கணக்கான பள்ளிகள், தாண்டி மற்ற நாடுகளுக்கும். 1832-ல் அவர் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைத்தார்கள். அவர் கல்விக்கென்று எழுதி வைத்த பணம் சுமார் 1,20,000 பவுண்டு, இந்தப் பள்ளி எழுந்தது அதில்தான்.

நம் ஊரில் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. மணலில் எழுதுவது, சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து ஒப்பிக்க வைப்பது, வாத்தியார் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கடைசியில் மட்டும் சரிபார்ப்பது, எல்லாம் அங்கே நடந்ததுதான். பெல் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது, கண்டார், கண்டதை விடாமல் பிடித்துக்கொண்டார். மணல் யோசனை உள்ளூர்ப் பள்ளியில் பார்த்தது என்று அவரே எழுதியதால் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தத் திண்ணை வாத்தியாரின் பெயரையும் ஒரு வார்த்தை விசாரித்து எழுதியிருந்தால் இந்த வாசலில் இரண்டு பெயர் இருந்திருக்குமே என்ற ஆதங்கம் மட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், என்னைப் போன்ற வாத்தியார்களுக்கு இது புரியும். இங்கிலாந்தில் அந்த முறை அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அன்பு காரணமில்லை, சிக்கனம். ஒரே ஒரு ஆசிரியர் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓட்டலாம் என்றால் எந்தத் தர்மகர்த்தாவுக்கும் பிடிக்கத்தானே செய்யும். திண்ணையில் இருபது முப்பது பிள்ளைகள், வாத்தியாருக்கு ஒவ்வொருவன் வீட்டு அடுப்பும் தெரியும். அங்கே அறுநூறு பேர் ஒரே கூடத்தில் மணி அடித்தால் எழுந்து மணி அடித்தால் உட்காருவது வேறு விஷயம். நானும் அறுபது பேர் வகுப்பில் சட்டாம்பிள்ளை வைத்து வாய்ப்பாடு கேட்க வைத்தவள்தான், அது எங்கே உதவும் எங்கே உதவாது என்பது எனக்குத் தெரியும். வாய்ப்பாட்டுக்கு உதவும். பின்னம் என்றால் நானே போய் உட்கார வேண்டும்.

பழைய கட்டடம் இப்போது பல்கலைக்கழகத்தின் கையில். உள்ளே போக முடியவில்லை. வாசலில் என்னைப் படம் எடுத்து, எழும்பூரில் வேலை பார்க்கும் சிநேகிதிக்கு அனுப்பினேன். "அங்கேயும் மெட்ராஸ் வெயிலா?" என்று பதில் வந்தது.

சனி

95-ம் எண் பஸ் கடலோரக் கிராமங்கள் வழியாக ஆன்ஸ்ட்ரதர் போகிறது, அங்கிருந்து மே தீவுக்குப் படகு. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம், நான் இஞ்சி மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு அடிவானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தீவு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. பஃபின் பறவைகள் ஆயிரம் ஆயிரமாக வளையில் குடியிருக்கின்றன. வருஷம் பூராவும் கடலிலேயே கிடந்துவிட்டு முட்டையிட மட்டும் கரைக்கு வருபவை, அதுவும் ஒரே ஒரு முட்டை. அந்த ஆரஞ்சு அலகு கல்யாண சீசனுக்கு மட்டும்தான், முடிந்ததும் மேல் ஓடு உதிர்ந்து மங்கிப்போகும். பறப்பது பார்க்கச் சிரிப்பாக வருகிறது, இறக்கையை அவ்வளவு வேகமாக அடித்தும் இறங்கும்போது குப்புற விழுகிறது. தரைக்கடியில் எங்கும் வளை என்பதால் பாதையை விட்டு ஒரு அடி வைக்கக் கூடாது. ஆலாக்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றின, தொப்பி போடுங்கள் என்று ஏன் சொன்னார்கள் என்பது அப்போது புரிந்தது. தீவின் உச்சியில் கோட்டை மாதிரியே கட்டிய கலங்கரை விளக்கம், 1816.

திரும்பி வந்து துறைமுகச் சுவரில் உட்கார்ந்து மீனும் சிப்ஸும் சாப்பிட்டோம். கடல்காகம் ஒன்று பக்கத்துப் பையன் கையிலிருந்ததைப் பறித்துக்கொண்டு போனது. பையன் அழவில்லை, அவன் அப்பாதான் கத்தினார்.

ஞாயிறு

கோல்ஃப் எனக்குத் தெரியாது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் கிடையாது, யார் வேண்டுமானாலும் நடக்கலாம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ வந்து குலுக்கலில் பெயர் விழுமா என்று காத்திருக்கும் ஆட்டக்காரர்கள் ஒரு பக்கம், அதே புல்லில் குழந்தைத் தள்ளுவண்டியோடு உள்ளூர்க்காரர்கள் ஒரு பக்கம். இந்த மணல்மேட்டு நிலத்தில் ஊராருக்கு உரிமை உண்டு என்று 1552-லேயே பேராயர் எழுத்து இருக்கிறது. 22 குழியாக இருந்ததை 1764-ல் 18 ஆக்கினார்கள், பிற்பாடு உலகம் முழுக்க அதுவே கணக்காகிவிட்டது. எனக்குப் பிடித்தது வேறு. ஏழு இடங்களில் ஒரே பெரிய புல்தரையில் இரண்டு குழிகள் இருக்கின்றன, எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும். 2-ம் 16-ம், 3-ம் 15-ம், அப்படியே 8-ம் 10-ம் வரை. தம்பி மகள் நான்கு வருஷம் இங்கே இருந்தும் கவனிக்கவில்லை. ஸ்வில்கன் என்ற குட்டிக் கல்பாலத்தில் நின்று படம் எடுக்க வரிசை, வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாமல் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டோம்.

மைதானத்து ஓரமெல்லாம் மஞ்சளாகப் பூத்த முள்புதர், கார்ஸ் என்கிறார்கள். வெயில் பட்டால் தேங்காய் வாசனை அடிக்கிறது, சத்தியமாக, துருவிய தேங்காய். மூன்று தரம் குனிந்து மோந்து பார்த்தேன். ஸ்காட்லாந்தில் அந்த வாசனை வீட்டு ஞாபகத்தைக் கிளப்பி, மத்தியானம் அவள் சமையலறையில் டப்பாத் தேங்காய்ப்பால் தேடி எடுத்து சொதி வைத்துவிட்டேன்.

முன்னதாக, காலையில் பிரார்த்தனை முடிந்ததும் சிவப்பு அங்கி போட்ட மாணவர்கள் துறைமுகத்துக் கல் அலைதடுப்புச் சுவரின் நுனிவரை நடந்துபோய்த் திரும்பினார்கள். முதலாண்டு என்றால் அங்கி தோளில் ஒழுங்காக, வருஷம் கூடக்கூட நழுவிக்கொண்டே போய் நான்காம் ஆண்டில் முழங்கையில் தொங்கும். தம்பி மகள் முழங்கையில் தொங்கவிட்டுக்கொண்டு குளிரில் நடுங்கினாள். ஒழுங்காகத்தான் போட்டுக்கொள்ளேன் என்றேன். மாட்டாளாம், நாலு வருஷம் காத்திருந்தாளாம்.

திங்கள்

பதினொன்றரைக்குக் கடைசித் தேர்வு முடிந்தது. அதற்கு முன்பே புல்வெளியில் அவள் சிநேகிதர்கள் வாளியும் பழைய ஜூஸ் பாட்டிலுமாகத் தயாராக நின்றார்கள். கடைசித் தேர்வு எழுதிவிட்டு வருகிறவர்களைத் தலையோடு நனைப்பது இந்த ஊர் வழக்கம். என் கையிலும் ஒரு வாளியைக் கொடுத்தார்கள். வெளியே 13 டிகிரி, குழாய்த் தண்ணீர் அதைவிடக் குளிர், மஞ்சள் நீராட்டுக்குக்கூட வெந்நீர் கலந்து ஊற்றுகிற பரம்பரையில் வந்தவள் நான். சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று ஒரு நொடி யோசித்தேன். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "அத்தை, நீங்களுமா!" என்று கத்தினாள். ஊற்றிவிட்டேன், முழு வாளி.

துவட்டிக்கொண்டு வந்ததிலிருந்து பெட்டி கட்டுகிறோம். மாத முடிவுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், ஊரிலுள்ள பாதிப் பேருக்கு அதே அவசரம் என்பதால் தானக் கடைகளின் வாசலில் சட்டி, விளக்கு, நாற்காலி எல்லாம் குவிந்து கிடக்கிறது. நல்ல கனமான இரும்புத் தோசைக்கல் ஒன்றைக்கூட யாரோ விட்டுப் போயிருந்தார்கள், எடுத்துப் பார்த்துவிட்டு விமான எடையை நினைத்து வைத்துவிட்டேன். ராத்திரிக்கு ஆறு பேர் வருகிறார்கள், எல்லாருக்கும் ரசம் வேண்டுமாம், காரமாக வேண்டுமாம். அவள் வீட்டில் இருப்பது இரண்டு தக்காளி, ஒரு பிடி துவரம்பருப்பு. புளி எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு எலுமிச்சை பிழிந்துவிடுங்கள் என்கிறாள். சரி, எலுமிச்சை ரசமே வைத்துவிடலாம், மணி ஆறுதான் ஆகிறது, வெளியே நடுப்பகல் மாதிரி வெளிச்சம், கடைக்குப் போய்விட்டு வருகிறேன்.